கேள்வி பதில்: கூடவே வந்த ரிவெர்ப் போதுமா?

கேள்வி: ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கியபோது கியூபேஸ் ஏஐ என்ற பாட்டுப் பதிவு மென்பொருள் கூடவே வந்தது. வீட்டிலேயே மாரியம்மன் பாட்டுகள் பதிவு செய்கிறேன். பம்பை, உடுக்கை, ஒரு பெண் குரல், அவ்வளவுதான். ரிவெர்ப், அதாவது குரலுக்கு அறையின் முழக்கம் சேர்க்கும் கருவி என்று பார்த்தால் ரூம்வொர்க்ஸ் எஸ்இ இருக்கிறது. முழு ரூம்வொர்க்ஸ் வேண்டுமென்றால் மேல் பதிப்புக்குப் பணம் கட்ட வேண்டும். கட்டலாமா?
- வாசகர், பாலக்கோடு

பதில்: இது ஒன்றுக்காக என்றால் வேண்டாம். எஸ்இ மட்டமான சரக்கு கிடையாது. ப்ரீ-டிலே, ரிவெர்ப் டைம், டிஃப்யூஷன், ஹை லெவல், லோ லெவல், மிக்ஸ் என்று திருப்ப வேண்டியவை குறைவு, கம்ப்யூட்டருக்குச் சுமையும் குறைவு. முழுப் பதிப்பில் அறையின் அளவு, அகலம், வேரியேஷன், உள்ளே போகும் ஒலிக்கு ஒரு ஃபில்டர் எல்லாம் கூடுதல்.

இதில் ஃபில்டர் குறையை இன்றைக்கே சரிசெய்யலாம். குரல் டிராக்கில் நேராகப் போடாமல், தனியாக ஓர் எஃபெக்ட் சேனல் திறந்து, அதில் எஸ்இயை வைத்து, அதிலிருந்து ரிவெர்ப் மட்டும் வெளிவரும்படி மிக்ஸை 100-க்குத் தள்ளிவிட்டு, குரலிலிருந்து சென்ட் (குரலின் ஒரு நகலை அந்தச் சேனலுக்கு அனுப்புவது) கொடுங்கள். அந்தச் சேனலின் ஈக்யூவில் (அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், பெண் குரல் என்பதால் இன்னும் மேலே போனாலும் தப்பில்லை. பம்பையை இந்தச் சேனலுக்கு மிகக் கொஞ்சமாக அனுப்பினால் போதும், அதன் கனத்த பக்கம் ரிவெர்ப்பில் விழுந்தால் பாட்டு மொத்தமும் கலங்கிவிடும்.

ஈக்யூவால் ஈடுகட்ட முடியாத ஒரு விஷயமும் உண்டு. ஹை லெவல், லோ லெவல் இரண்டும், மேல் அலைவரிசையும் கீழ் அலைவரிசையும் நடுப்பகுதியைவிட எவ்வளவு சீக்கிரம் அடங்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை. 100-க்குக் கீழே இறக்கினால் சீக்கிரம் அடங்கும். எந்த ஹெர்ட்ஸிலிருந்து அப்படி அடங்க வேண்டும் என்பதை முழுப் பதிப்பில் நாமே வைக்கலாம், எஸ்இயில் முடியாது. ஈக்யூ அளவைத்தான் குறைக்கும், அடங்கும் வேகத்தை அது தொடாது. 'தாயே' என்று நீட்டி நிறுத்துகிற இடத்தில் வாத்தியங்களும் நின்றுவிட்டால் இந்த வித்தியாசம் காதில் விழும். பம்பை அடித்துக்கொண்டிருக்கும்போது யாருக்கும் கேட்காது.

அப்புறம், வார்த்தை தெளிவாக வர ப்ரீ-டிலேயை, அதாவது குரலுக்கும் ரிவெர்ப் தொடங்குவதற்கும் நடுவே விடும் இடைவெளியைக் கவனியுங்கள். 60,000-ஐ டெம்போவால் வகுத்தால் ஒரு தட்டின் நீளம் மில்லிசெகண்டில் வரும். டெம்போ 90 என்றால் 667, அதில் பதினாறில் ஒரு பங்கு சுமார் 42. அங்கிருந்து ஆரம்பித்துக் காதால் சரிசெய்யுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் கல் மண்டபத்தில் பாடினால் வருகிற அதே முழக்கம் பதிவில் வேண்டும். எந்த ரிவெர்ப் வாங்கலாம்?
- வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: அதே மண்டபம்தான் வேண்டும் என்றால் ரூம்வொர்க்ஸ் வகை உதவாது, அது எதிரொலியைக் கணக்குப் போட்டு உண்டாக்குவது. உங்களுக்குத் தேவை கன்வல்யூஷன் ரிவெர்ப், ஓர் இடத்தில் பதிவு செய்த முழக்கத்தை அப்படியே பாட்டின் மேல் ஏற்றுவது. கியூபேஸ் ப்ரோவில் ரெவரென்ஸ் என்று ஒன்று இருக்கிறது, ஆனால் அதற்காக ப்ரோ வாங்க வேண்டியதில்லை, மெல்டாவின் எம்கன்வல்யூஷன்ஈசி இலவசம். கோயிலில் அனுமதி கேட்டு, ஆள் நடமாட்டமில்லாத நேரத்தில், ஃபேன்களை நிறுத்திவிட்டு, பாடுபவர் நிற்கும் இடத்தில் ஒரு பெரிய பலூனை உடையுங்கள். மைக் சில அடி தள்ளி, கேட்பவர் உட்காரும் இடத்தில் இருக்கட்டும். சத்தம் முழுதாக அடங்கும்வரை யாரும் அசையக் கூடாது. நாலைந்து முறை எடுத்து, லெவல் மிஞ்சிப் போய் ஒலி உடையாத ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வெடிப்புக்கு முன்னால் இருக்கும் அமைதியை வெட்டிவிட்டு வேவ் ஃபைலாக அந்தக் கன்வல்யூஷன் ரிவெர்ப்பில் ஏற்றுங்கள்.