மெனோபாஸ் நேரத்துப் படபடப்புக்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தம் உண்டா?

நீங்கள் கேட்டிருப்பது இது: வயது 47, ஆறு மாதமாகப் பீரியட்ஸ் தாறுமாறு. காலை பதினொரு மணி வாக்கில் நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, காரணமே இல்லாத ஒரு பயம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஈசிஜி நார்மல். சுகருக்கு மாத்திரை போடும் உங்கள் அக்கா 'ஒரு ஸ்பூன் சர்க்கரையை வாயில் போடு' என்கிறார். தோழியோ 'சர்க்கரைப் பக்கமே போகாதே' என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

இப்போதைக்கு இரண்டு பேர் பேச்சையும் ஓரமாக வையுங்கள். வருவது சுகரால் வருகிற படபடப்பா, ஹார்மோனால் வருவதா, மனப் பதற்றமா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். பிரிக்க முடியும். சுகரால் வருகிற பங்கை மட்டும் சாப்பாட்டால் பெரிய அளவுக்குக் குறைத்துவிடலாம். மீதிக்குச் சாப்பாடு மருந்தில்லை.

நான் டாக்டர் இல்லை. திருச்சியில் பள்ளி ஆசிரியை, வயது 51, பீரியட்ஸ் நின்று ஒரு வருஷம் தாண்டிவிட்டது. எனக்கு இது சரியாக மூன்றாவது பீரியடில் வரும் (பள்ளிக்கூடப் பீரியடைச் சொல்கிறேன்). போர்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே எழுத்து கோணும், பின்கழுத்தில் வேர்க்கும், முதல் பெஞ்சுப் பெண் 'மிஸ், தண்ணி வேணுமா?' என்று எழுந்து நிற்பாள். பிறகு பதினொன்றேகால் இன்டர்வெல்லில் டீயும் இரண்டு பிஸ்கட்டும் உள்ளே போனதும் பத்து நிமிஷத்தில் அடங்கிவிடும். அந்த அடங்குதலைப் பார்த்துத்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. வெறும் கவலையாக இருந்தால் அது பிஸ்கட்டுக்கா பயப்படும்?

உடம்பில் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். ரத்தச் சர்க்கரை 70-ஐ ஒட்டி இறங்கினால் உடம்பு அதை ஆபத்தாக எடுத்துக்கொண்டு குளுக்ககான், அட்ரினலின் என்ற ஹார்மோன்களை வெளியே விடும். கல்லீரலில் சேமித்த சர்க்கரையை ரத்தத்துக்குக் கொண்டுவருவது அவற்றின் வேலை. ஆனால் அட்ரினலின் வந்தால் சும்மா வராது. இதயம் வேகமாக அடிக்கும், கை நடுங்கும், வியர்க்கும், மனசு 'என்னவோ நடக்கப் போகுது' என்று சொல்லும். பேனிக் அட்டாக்கிலும் வேலை செய்வது இதே அட்ரினலின்தான். அதனால்தான் உள்ளே இருந்து பார்க்கிற நமக்கு வித்தியாசமே தெரிவதில்லை.

இந்த வயதில் இது ஏன் கூடுகிறது என்றால், ஈஸ்ட்ரோஜன் குறையக் குறைய இன்சுலினுக்கு உடம்பு முன்போல வளைந்து கொடுப்பதில்லை. இடுப்பில் சேர்ந்த கொழுப்பு வயிற்றுக்கு மாறுகிறது, தசையும் குறைகிறது. சாப்பிட்ட சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசைதான். ஆக, முப்பது வயதில் ஒன்றும் செய்யாத அதே நாலு இட்லி இப்போது சர்க்கரையை உயரத் தூக்குகிறது. அதைச் சமாளிக்க இன்சுலின் தாமதமாகவும் அளவுக்கு மிஞ்சியும் வந்தால், சாப்பிட்டு இரண்டிலிருந்து ஐந்து மணி நேரத்துக்குள் சரிவு வரும். இன்னொரு பக்கம் புரொஜெஸ்டிரோன் ஏறி இறங்கிக் குறைகிறது. அதிலிருந்து உண்டாகும் அல்லோபிரெக்னனலோன் என்ற பொருள், மூளையை அமைதிப்படுத்துகிற காபா என்ற ரசாயனத்தின் ஏற்பிகளுக்கு வலுவூட்டும். அல்பிரசோலம் போன்ற பதற்ற மாத்திரைகள் வேலை செய்வதும் அந்த ஏற்பிகளில்தான். இயற்கையாகக் கிடைத்துக்கொண்டிருந்த அந்த அமைதி குறைகிற நேரத்தில், சின்ன அட்ரினலின் அலைகூடப் பெரிதாகத் தெரிகிறது. ராத்திரி வியர்வையில் தூக்கம் கெட்டால் மறுநாள் இன்சுலின் இன்னும் மோசமாக வேலை செய்யும். எல்லாம் ஒன்றையொன்று பிடித்து இழுக்கிற சங்கதி.

இதற்கு மேல் நம் வீட்டுப் பெண்கள் சாப்பிடுகிற நேரம் என்று ஒன்று இருக்கிறது. அஞ்சு மணிக்கு வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் டிகாக்‌ஷன் காபி, சர்க்கரை தூக்கலாக. அப்புறம் டிஃபன் பாக்ஸ் கட்டி, எல்லோரையும் அனுப்பி, மாமியாருக்கு மாத்திரை கொடுத்து, மிச்சமிருக்கிற இட்லியைப் பத்தரை மணிக்கு நின்றுகொண்டே சாப்பிடுவது. வேலைக்குப் போகிறவர்களுக்கு அதுவும் இல்லை, ஏழு மணிக்கு அள்ளிப் போட்டுக்கொண்டு பஸ் பிடிக்க வேண்டும். காபியில் இருக்கும் கஃபீனே அட்ரினலினைத் தூண்டும். அதில் பாதி உடம்பை விட்டுப் போக ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். அஞ்சு மணிக் காபி பத்து மணிக்கும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம்.

நான் செய்தது, மருந்துக்கடையில் ஒரு குளுக்கோமீட்டர் வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். ஸ்ட்ரிப்தான் விலை, அதனால் படபடப்பு வரும்போது மட்டும் ஸ்டாஃப் ரூமுக்குப் போய்க் குத்திப் பார்த்தேன். ஒருநாள் 68 காட்டியது. இன்னொரு நாள் அதே நடுக்கம், அதே வியர்வை, மீட்டரில் 96. எனக்கு எல்லாம் விளங்கியது அந்த 96-இல்தான். அன்றைக்கு வந்தது சுகர் இல்லை, ஹாட் ஃபிளஷ். மார்பிலிருந்து முகம்வரை சூடு ஏறும், முகம் சிவக்கும், சில நிமிஷத்தில் இறங்கிக் குளிரும். சுகர் இறங்கினால் அந்தச் சூடு இருக்காது. பசியும் சில்லென்ற வியர்வையும்தான் இருக்கும், சாப்பிட்டால் அடங்கும். 'சுகர் டவுன் ஆகுது' என்று சொல்கிறவர்கள் பலருக்கு மீட்டர் வைத்துப் பார்த்தால் நார்மலாகவே இருக்கும். பார்க்காமல் முடிவு கட்டாதீர்கள்.

மாற்றியது பெரிதாக ஒன்றுமில்லை. காபி டிஃபனுக்குப் பிறகு, சர்க்கரை அரை ஸ்பூன். நாலு இட்லி இரண்டானது, கூடவே அவித்த முட்டை இரண்டு. வெள்ளி, செவ்வாய் முட்டை கிடையாது என்பதால் அன்றைக்கு ஒரு கிண்ணம் சுண்டல் அல்லது இட்லிக்குப் பதில் அடை. சட்னி தேங்காயிலிருந்து வேர்க்கடலைக்கு மாறியது. சாம்பாரில் தண்ணீரைக் குறைத்துப் பருப்பைக் கூட்டினேன். பத்தரைக்கு ஒரு கைப்பிடி வறுத்த கடலையும் மோரும். மதியம் முதலில் பொரியல், கூட்டு, கடைசியில் சோறு. எங்கள் வீட்டில் இதற்குத்தான் சிரித்தார்கள், ஆனால் காயும் புரதமும் முன்னால் போனால் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை குறைவாக ஏறும் என்பது ஆராய்ச்சியில் பார்த்த விஷயம். சாப்பிட்டதும் பத்து நிமிஷம் வராந்தாவில் நடப்பேன். இரண்டு மூன்று வாரத்தில் மூன்றாவது பீரியட் நடுக்கம் போயே போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். எப்போதாவது வரும் விருந்தாளி ஆகிவிட்டது.

ராகிக் கஞ்சி பற்றி ஒரு வார்த்தை. யாரைக் கேட்டாலும் 'ராகி குடி' என்பார்கள். ராகியில் கால்சியம் நிறைய, நல்லதுதான். ஆனால் நைசாக அரைத்த மாவில் தண்ணீராகக் காய்ச்சி, வெல்லம் போட்டு மடக் மடக்கென்று குடித்தால் அது சர்க்கரையை வேகமாகத்தான் ஏற்றும். களியாகவோ அடையாகவோ, கூடப் பருப்போ கீரையோ சேர்த்துச் சாப்பிடுங்கள். 'ஹார்மோனைச் சமன் செய்யும்' என்று வாட்ஸ்அப்பில் விற்கிற பொடிகளுக்குக் கொடுக்கிற காசில் மாசம் முழுக்க முட்டை வாங்கலாம். விரதம் இருப்பவரானால், நாள் முழுக்கக் காபியில் ஓட்டிவிட்டு ராத்திரி சர்க்கரைப் பொங்கலில் முடிப்பதை மட்டும் விடுங்கள். பாலும் பழமும் கடலையும் இடையிடையே எடுத்துக்கொள்வதை எந்தச் சாமியும் கோபிக்காது.

சாப்பாட்டால் மாறாதது ராத்திரி மூன்று மணி விழிப்பு. 'ராத்திரி சுகர் இறங்கித்தான் முழிப்பு வருது, தேன் குடிச்சிட்டுப் படு' என்று யூடியூபில் சொல்கிறார்கள். சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுக்காதவர்களுக்குக் கல்லீரல் ராத்திரி முழுக்கச் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளும். அந்த நேரத்து விழிப்பு பெரும்பாலும் வியர்வையாலும் பதற்றத்தாலும் வருவது. எனக்கு அதற்கு டாக்டரின் உதவிதான் தேவைப்பட்டது.

இப்போது உங்கள் அக்கா. அவர் போடும் மாத்திரையில் கிளிமிபிரைட் இருந்தால் அது சுகரை நிஜமாகவே தாழ்த்தும். 70-க்குக் கீழே போனால் 15 கிராம், அதாவது மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்ப்பது அவருக்குச் சரியான வழி. மெட்ஃபார்மின் மட்டும் எடுத்தால் அப்படி இறங்குவது அரிது. மாத்திரையே எடுக்காத நீங்கள் ஒவ்வொரு படபடப்புக்கும் சர்க்கரை போட்டால், அது சட்டென்று ஏறி மறுபடி சரியும், நீங்களும் மறுபடி டப்பாவைத் திறப்பீர்கள்.

உங்களுக்கு ஈசிஜி மட்டும் எடுத்திருக்கிறார்கள். டிஎஸ்எச் (தைராய்டு), ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பு), பி12, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகர்) பாருங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே நடுக்கம், இதே வியர்வை. இந்தக் கட்டத்தில் உதிரப்போக்கு அதிகமாகி ரத்தம் குறைந்தாலும் நெஞ்சு படபடக்கும். ரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி சரியாகக் காட்டாது, அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். எச்பிஏ1சி 5.7-லிருந்து 6.4-க்குள் வந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம். நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, மூச்சு வாங்கல் என்றால் சுகர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

பயம் நாள் முழுக்க இருந்தால், வெளியே போகவே தயக்கம் வந்தால், அதற்கு ஹார்மோன் சிகிச்சை, பதற்றத்துக்கான மாத்திரை, சிபிடி என்கிற பேச்சு சிகிச்சை எல்லாம் இருக்கின்றன. எது ஒத்துவரும் என்பது உங்கள் உடம்பையும் குடும்ப வரலாற்றையும் பொறுத்தது. உடனே பேச ஆள் வேண்டுமானால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழில் பேசலாம். டாக்டரிடம் போகும்போது படபடப்பு வந்த நேரம், அதற்கு முன் என்ன சாப்பிட்டீர்கள், மீட்டர் என்ன காட்டியது, கடைசி பீரியட்ஸ் எப்போது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். 'பயமா இருக்கு' என்ற வார்த்தையையும் வாய் திறந்து சொல்லுங்கள். 'ஒரு மாதிரியா இருக்கு டாக்டர்' என்று மட்டும் சொன்னால் பி காம்ப்ளெக்ஸ் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.