கோயில் பள்ளிக்கூடம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

தென் மாவட்டத்துச் சிற்றூர் எங்களுடையது. கிறிஸ்தவ சபை நடத்தும் தொடக்கப்பள்ளி ஒன்று கோயிலை ஒட்டியே இருக்கிறது. அரசு உதவி பெறும் பள்ளி. 38 பிள்ளைகள், இரண்டு ஆசிரியைகள். நானும் அப்பாவும் அங்கே படித்தவர்கள். வரும் ஜூனில் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கவேண்டும். அங்கேயே சேர்க்கலாம் என்று நான் சொல்லப்போய் வீட்டில் பெரிய சண்டை. “ரெண்டு டீச்சரை வச்சுக்கிட்டு அஞ்சு வகுப்பு எப்படி நடத்துவாங்க?” என்கிறாள் மனைவி. மைத்துனர் பிள்ளைகள் வேன் ஏறி மெட்ரிக் பள்ளிக்குப் போகிறார்கள். போன மாதம் ஆண்டுவிழாவுக்குப் போயிருந்தேன். பிள்ளைகள் பைபிளின் 23ஆம் சங்கீதத்தைப் பிசிறில்லாமல் சொன்னார்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. தரம் இருப்பதாகத்தான் நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் நீக்கியிருக்கிறேன்.)

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் சங்கீதத்தை ஒதுக்கிவையுங்கள். சபைப் பள்ளிப் பிள்ளைகள் எப்போதுமே மனப்பாடத்தில் கெட்டி. ஞாயிறு பள்ளி, வசனப் போட்டி, கீர்த்தனை என்று வருஷம் முழுக்கப் பயிற்சி நடக்கிறது. கூச்சமில்லாமல் மேடையேறிக் குரலெடுக்கும் பழக்கத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒப்பிப்பது வேறு, வாசிப்பது வேறு. ஆண்டுவிழாவுக்கு வருகிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

இப்படி ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தமிழ்ப் புத்தகத்தை விரித்து, விரலை ஓட்டிக்கொண்டே கணீரென்று வாசித்துக் காட்டினாள். விரல் கடைசி வரிக்கு வந்து சேர்ந்துவிட்டது. வாய் இன்னும் பாதிப் பக்கத்தில்தான் இருந்தது. சுவரில் தொங்கிய நாள்காட்டியைக் காட்டி, இதை வாசியம்மா என்றேன். “வெ... ள்... ளி...” என்று எழுத்துக்கூட்டி வந்தவள் ‘க்கி’யில் நின்றுபோனாள். கெட்டிக்காரப் பெண், ஒரு பக்கத்தைக் காதால் கேட்டே மனதில் ஏற்றிக்கொண்டவள். அவளுக்கு எழுத்து தெரியவில்லை என்பதே மூன்று வருஷமாக யார் கண்ணிலும் படவில்லை.

நம் ஊரில் சபைப் பள்ளிகள் வந்ததே வாசிப்பதற்காகத்தான். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு அடுத்த ஆண்டே பள்ளி வேலையில் இறங்கிவிட்டார். விசுவாசி வேதத்தைத் தானே வாசிக்கவேண்டும், குருவானவர் வாசிக்கக் கேட்டால் போதாது என்பது அவரைப் போன்ற புராட்டஸ்டண்ட் சபையாரின் கொள்கை. அந்த வேதத்தின் பகுதியைப் பிள்ளைகள் காதால் கேட்டு ஒப்பிப்பதோடு நின்றுவிட்டால் நாம் பெருமைப்பட என்ன இருக்கிறது? உங்கள் அப்பா படித்த பள்ளி என்பதும் அவர் காலத்து டீச்சரைப் பற்றித்தான் ஏதாவது சொல்லும், இப்போது இருப்பவரைப் பற்றி அல்ல.

உங்கள் மனைவி கேட்டது நல்ல கேள்வி. அதைச் சண்டையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு ஆசிரியர் என்பது நிர்வாகத்தின் கஞ்சத்தனம் இல்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்றுதான் கணக்கு வைத்திருக்கிறது. ஐந்து வகுப்பு இருக்கிறதே என்று அந்தக் கணக்கு கவலைப்படுவதில்லை. ஆகவே டீச்சர் இரண்டாம் வகுப்புக்குக் கழித்தல் சொல்லிக்கொடுக்கும்போது, அதே அறையில் இருக்கும் மற்ற வகுப்புப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். சிறிய பள்ளியின் தரம் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடுகிறது. “கையைக் கட்டு, வாயில விரல் வை” என்று உட்கார்ந்திருந்தால் நாளில் பாதி வீண். போர்டில் இருப்பதைப் பார்த்து எழுதிக்கொண்டே இருந்தாலும் வீண்தான். என்ன, நோட்டு அழகாக இருக்கும்.

இது புதிய சிக்கலும் இல்லை. 1790களில் சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்து அதைத் தன் பள்ளிக்கு எடுத்துக்கொண்டார். மூத்த பையன்களைக் கொண்டே இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். 1797இல் லண்டனில் அதைப் புத்தகமாகவும் போட்டார். ‘மதராஸ் முறை’ என்று அது இங்கிலாந்தில் பரவியது. நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை கப்பலேறிப் போனான் என்றே நான் சொல்வேன்! நல்ல ஈராசிரியர் பள்ளிகளில் இன்றும் நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்தட்டை காட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். சொல்லிக்கொடுக்கிற பிள்ளைக்குத்தான் அதில் லாபம் அதிகம்.

2022இல் அரசு கொண்டுவந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை வகுப்பை வைத்துப் பிரிக்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை வைத்துப் பிரிக்கிறார்கள். சிறிய பள்ளிக்கு இது தோதான ஏற்பாடு. ஆனால் மூன்றாம் வகுப்பில் இன்னும் கீழ்நிலையான அரும்பில் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். எண்ணிக்கையைப் பளிச்சென்று சொல்லி, யார் யார் என்று பெயரும் சொல்லி, இந்தப் பிள்ளைக்கு இன்னது வரவில்லை என்று விளக்குகிற டீச்சரிடம் கண்ணை மூடிக்கொண்டு விடலாம். “எல்லாருமே மலர்தான் சார்” என்று பதில் வந்தால் யோசியுங்கள்.

ஆங்கிலத்தைப் பற்றிச் சுருக்கமாக: ஒன்றாம் வகுப்பிலிருந்தே அது அங்கும் ஒரு பாடம். தாய்மொழியில் தடையில்லாமல் வாசிக்கும் பிள்ளைக்கு அடுத்த மொழி சுமையாக இருக்காது. வேனில் போகும் பிள்ளைகளிடமும் நாள்காட்டியைக் கொடுத்து வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். மைத்துனர் கோபித்துக்கொண்டால் நான் பொறுப்பில்லை.

இன்னொன்று சபை சம்பந்தப்பட்டது. உதவி பெறும் பள்ளியில் சம்பளம் அரசு கொடுக்கிறது, ஆளை நியமிப்பது நிர்வாகம். ஒருவர் ஓய்வு பெற்றால் அந்த இடம் நிரம்ப வருஷக்கணக்கில் ஆகிவிடுவதுண்டு. பத்துப் பேர் ஆசிரியராக இருக்கும் பள்ளியில் ஒரு காலியிடம் சமாளிக்கக்கூடிய விஷயம். இரண்டு பேர் இருக்கும் இடத்தில் பாதிப் பள்ளியே காலி. நீங்கள் சபை உறுப்பினர், தாளாளரிடம் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. தலைமையாசிரியை எந்த வருஷம் ஓய்வு பெறுகிறார், அதற்குள் ஆள் போட என்ன செய்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். உங்கள் மகள் மூன்றாம் வகுப்பு போவதற்குள் அவர் ஓய்வு பெறுவதாக இருந்து, தாளாளர் “கர்த்தர் பார்த்துக்கொள்வார்” என்று சொன்னால், மனைவி சொல்வதைக் கேளுங்கள்.