அண்ணனுக்கு வந்த நோய், தங்கைக்கு?

கேள்வி: மகனுக்கு இரண்டே கால் வயது. நன்றாக நடந்தவன் மூன்று மாதமாகத் தடுக்கித் தடுக்கி விழுகிறான். கோவையில் மெட்டாக்ரோமாட்டிக் லூக்கோடிஸ்ட்ரோபி, மூளை நரம்புகளின் உறையைச் சிதைக்கும் மரபு நோய், என்றார்கள். அமெரிக்காவில் இதற்கு மரபணு சிகிச்சைக்கு அனுமதி கிடைத்திருக்கிறதாமே, அந்த மருந்தை வரவழைக்க முடியுமா? ஐந்து மாதக் கைக்குழந்தையும் இருக்கிறாள்.
– ஒரு தாய், கோத்தகிரி

பதில்: கைக்குழந்தையிடமிருந்தே தொடங்குவோம் அம்மா. அவளுக்கும் இந்நோய் இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. இந்த வாரமே பரிசோதியுங்கள்.

நீங்கள் கேட்ட மரபணு சிகிச்சையின் பெயர் லென்மெல்டி. அமெரிக்க மருந்து அனுமதி அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 மார்ச்சில் அதை அனுமதித்தது. ஐரோப்பாவில் லிப்மெல்டி என்ற பெயரில் 2020 டிசம்பரிலேயே வந்துவிட்டது. மழலைப் பருவத்தில் தொடங்கும் வகை என்றால், அறிகுறி தலைகாட்டாத குழந்தைக்கு மட்டும்தான் அனுமதி. மரபணு ஏற்றிச் செலுத்தும் செல்கள் மூளையில் குடியேறப் பல மாதம் பிடிக்கும். நோய் அதுவரை நிற்காது. நடை தடுமாறிவிட்ட உங்கள் மகன் அந்த வரம்புக்குள் வரமாட்டான். இதை மழுப்பிச் சொன்னால் உங்கள் பணமும் நாளும்தான் வீணாகும். அவனுக்கு இப்போது வேண்டியது பிசியோதெரபி, தசை இறுக்கத்துக்கு மருந்து, விழுங்கும்போது புரையேறாமல் கவனிப்பு.

பாப்பாவுக்கு எளிய வழி: மகனின் மரபணு அறிக்கையில், இந்நோய்க்குக் காரணமான ஏ.ஆர்.எஸ்.ஏ. மரபணுவின் எந்தப் பிழைகள் என்று எழுதியிருக்கும். அவற்றை மட்டும் அவளிடம் தேடச் சொல்லுங்கள். ஊதா மூடி இ.டி.டி.ஏ. குழாயில் எடுத்த ரத்தம் மலையிறங்கிப் போனாலும் கெடாது. அந்த மரபணு உருவாக்கும் நொதியின் அளவைப் பார்க்க எடுப்பது பச்சை மூடி ஹெப்பாரின் குழாய். அது வெள்ளையணுக்கள் உயிரோடு இருக்கும்போதே லேபைச் சேர வேண்டும். குளிரில் உறைந்தால் போச்சு. வெள்ளிக்கிழமை கூரியரில் போட்டால் ஞாயிறு முழுக்க எங்கோ கிடக்கும். குழந்தையையே கீழே கூட்டிப்போய்க் கொடுப்பது மேல்.

நொதி குறைவு என்று வந்த உடனே இடிந்துபோகாதீர்கள். சிலருக்கு நொதி குறைவாக இருந்தும் நோயே வராது. ‘போலிக் குறைபாடு’ என்பார்கள். சிறுநீரில் சல்ஃபடைடு (அந்த நொதி சிதைக்க வேண்டிய கொழுப்பு) அளவும் மரபணு அறிக்கையும் சேர்ந்தால்தான் முடிவு.

கேள்வி: இந்த மரபணு சிகிச்சை இந்தியாவில் ஏன் கிடைக்கவில்லை? அரசு பணம் தருமா?
– வாசகர், குன்னூர்

பதில்: அமெரிக்க அனுமதி இங்கே தானாகச் செல்லாது. அங்கே அனுமதி பெற்ற அரிய நோய் மருந்துக்கும் மரபணு சிகிச்சைக்கும் உள்ளூர் சோதனையிலிருந்து விலக்குத் தரலாம் என்று மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 ஆகஸ்டில் உத்தரவிட்டது. ஆனால் கம்பெனி விண்ணப்பித்தால்தான் ஃபைல் நகரும்.

சொந்த உபயோகத்துக்கு மருந்து தருவிக்க 12ஏ படிவம் இருக்கிறதே என்று கேட்கலாம். அது குப்பியில் வரும் மருந்துக்குச் சரி. இதில் குழந்தையின் ஸ்டெம் செல்லை எடுத்து, மரபணுவை ஏற்றி, புசல்ஃபான் என்ற கீமோ மருந்தால் எலும்பு மஜ்ஜையைக் காலி செய்தபின் திரும்பச் செலுத்த வேண்டும். அதனால் குழந்தைதான் அந்த மையத்துக்குப் போக வேண்டும்.

2024-இல் அறிவித்த அமெரிக்க விலை 42.5 லட்சம் டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 35 கோடி ரூபாய். தேசிய அரிய நோய்க் கொள்கை தருவது அதிகபட்சம் 50 லட்சம். அதுவும் குடும்பத்தின் கைக்கு வராது, சிறப்பு மையத்துக்குப் போகும். தமிழ்நாட்டில் அந்த மையம் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை. சிகிச்சை எதுவானாலும் அங்கே பதிவு செய்துவையுங்கள்.