சாகும் செல்லே இழவு சொல்லி அனுப்புகிறது: கேள்வி பதில்

பிளஸ் டூ மாணவி: இத்தனை கோடி செல்களுக்கு நடுவில் சாகப்போகும் ஒன்றை மேக்ரோஃபேஜ் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கிருமிகளையும் செத்த செல்களையும் விழுங்கும் பாதுகாப்புச் செல்தான் மேக்ரோஃபேஜ். அது வீடு வீடாகத் தட்டிப் பார்ப்பதில்லை அம்மா. சாகும் செல்லே ஆள் அனுப்பிவிடுகிறது. திட்டமிட்டுச் சாகும் செல்லுக்குள் காஸ்பேஸ் என்னும் நொதிகள் விழித்துக்கொள்ளும். அவை செல் சவ்விலுள்ள சில வாசல்களைத் திறந்துவிட, ஏடிபி வெளியே கசிகிறது. உங்கள் பாடப்புத்தகத்தில் ஆற்றல் நாணயம் என்று படித்த அதே ஏடிபிதான். உள்ளே இருக்கும்வரை நாணயம். வெளியே வந்தால் இழவுச் செய்தி. அது எந்தத் திசையில் அடர்ந்திருக்கிறதோ அந்தத் திசையில் மேக்ரோஃபேஜ் ஊர்ந்து வருகிறது.

வந்த பிறகு ஆளை அடையாளம் காண வேண்டுமே? செல் சவ்வு இரண்டு அடுக்கு. பாஸ்பாட்டிடைல்செரின் என்ற கொழுப்பை உயிருள்ள செல் உள்ளடுக்கிலேயே வைத்திருக்கும். வெளியே நழுவினாலும் ஒரு புரதம் உடனே உள்ளே தள்ளிவிடும். காஸ்பேஸ் அந்தக் காவல்காரப் புரதத்தை வெட்டிவிடுகிறது. கூடவே, இரண்டு அடுக்கையும் கலக்கிவிடும் எக்ஸ்கேஆர்8 என்ற இன்னொரு புரதத்தை முடுக்கியும் விடுகிறது. சட்டையை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டியதுபோல் ஆகிவிடும். மேக்ரோஃபேஜ் தொட்டுப் பார்ப்பது இந்தக் கொழுப்பைத்தான்; பார்த்ததும் செல்லையே விழுங்கிவிடும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: தவறுதலாக நல்ல செல்லை விழுங்கிவிடாதா?

அதற்கு எதிர்க்குறியும் உண்டு ஐயா. நல்ல செல்லின் மேலிருக்கும் சிடி47 என்னும் புரதம் "என்னைத் தொடாதே" என்று சொல்கிறது. புற்றுநோய்ச் செல்கள் பல இதை அளவுக்கு மீறிப் போர்த்திக்கொண்டு தப்பிக்கின்றன. அதை மறைக்கும் மருந்துகளைச் சோதித்தபோது ஒரு சிக்கல் எழுந்தது: சிவப்பணுக்களும் அதே புரதத்தைத்தான் அணிந்திருக்கின்றன. அதனால் நோயாளிகளுக்கு ரத்தசோகை வந்தது.

பெயர் வெளியிட விரும்பாதவர்: கட்டியில் வரும் சீழும் இப்படி அகற்றப்பட்ட செல்கள்தானா?

இல்லை. சீழில் பெரும்பங்கு, கிருமியோடு போராடிச் செத்த நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்கள். அங்கே பிணம் விழும் வேகத்துக்கு எடுப்பவர்களால் ஈடுகொடுக்க முடிவதில்லை.

ஒரு வாசகி: என் தங்கைக்கு லூபஸ். இதோடு தொடர்பு உண்டா?

உண்டு. உடலின் எதிர்ப்புச் சக்தி தன் உடலையே தாக்கும் நோய் லூபஸ். செத்த செல் உரிய நேரத்தில் அகற்றப்படாவிட்டால் அது கிழிந்து, உட்கருவிலிருந்த டிஎன்ஏ வெளியே சிந்தும். லூபஸில் எதிர்ப்பொருள்கள் (ஆன்டிபாடி) பாய்வது பெரும்பாலும் இத்தகைய உட்கருப் பொருள்கள் மேல்தான். சி1க்யூ என்ற ரத்தப் புரதம் செத்த செல்களை அகற்ற உதவுகிறது. அது பிறவியிலேயே இல்லாதவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு லூபஸ் வருகிறது. ஆனால் அந்தப் பிறவிக் குறை மிக அரிது. உங்கள் தங்கைக்கு அதுதான் காரணம் என்று எண்ணிவிடாதீர்கள். லூபஸுக்குக் காரணம் ஒன்றல்ல.

கல்லூரி மாணவர்: மேக்ரோஃபேஜ் இல்லாத உயிரினம் என்ன செய்யும்?

நல்ல கேள்வி தம்பி. சி. எலிகன்ஸ் என்ற ஒரு மில்லிமீட்டர் புழுவுக்கு மேக்ரோஃபேஜே கிடையாது. அதன் உடல் வளரும்போது உருவாகும் 1,090 செல்களில் 131 திட்டமிட்டுச் சாகின்றன. பக்கத்துச் செல்லே விழுங்கிவிடுகிறது. உறுப்பு வளர்ச்சியையும் திட்டமிட்ட செல் சாவையும் மரபணுக்கள் எப்படி நெறிப்படுத்துகின்றன என்று கண்டறிந்ததற்காக பிரென்னர், ஹார்விட்ஸ், சல்ஸ்டன் மூவருக்கும் 2002இல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் கண்ணிலும் அக்கம்பக்கத்தார் வேலைதான். விழித்திரையின் ஒளியுணர் செல்கள் தினமும் தம் நுனியை உதிர்க்கின்றன; கோல் செல்களில் இது காலை வெளிச்சம் வந்த சற்று நேரத்தில் நடக்கும். செல் சாவதில்லை, நுனி மட்டும் உதிர்கிறது. ஆனால் அந்த நுனியிலும் அதே பாஸ்பாட்டிடைல்செரின்தான் வெளியே தெரிகிறது. பின்னாலுள்ள நிறமிச் செல்கள் அதைப் பார்த்து விழுங்குகின்றன. அதற்கு மெர்டிகே என்ற ஏற்பி, அதாவது நிறமிச் செல்லின் மேலிருந்து குறியை உணரும் புரதம், வேண்டும். அதன் மரபணு பழுதானால் குப்பை சேர்ந்து, ஒளியுணர் செல்கள் மடிந்து, பார்வை மங்கிவிடும். நீங்கள் இன்று காலை கண் விழித்தபோதும் அந்தச் செல்கள் வேலையில் இறங்கியிருக்கும்.