சேதாரம் என்பது என்ன கணக்கு?

கேள்வி: மகளின் வளைகாப்புக்கு ஒரு பவுனில் வளையல் வாங்கினேன். 15 சதவீதம் சேதாரம் போட்டார்கள். அவ்வளவு தங்கமா வீணாகிறது?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: இல்லை அம்மா. 8 கிராமுக்கு 15 சதவீதம் என்றால் 1.2 கிராம். நான் பட்டறை வீட்டில் பிறந்தவன். அரம் போடும்போது உதிரும் பொடியை அப்பா மடியில் விரித்த தோலில் பிடித்து, தூரிகையால் கூட்டி, மறுபடியும் உருக்குவார். கை கழுவிய தண்ணீரைக்கூடக் கொட்ட விடமாட்டார். தெளியவைத்து அடியில் தங்கியதை எடுப்பார். உண்மையில் வீணாவது மிகச் சொற்பம்.

ஊர் முழுக்கத் தங்க விலை ஏறக்குறைய ஒன்றுதான். அதில் கடைக்காரர் அதிகம் கூட்ட முடியாது. அதனால் வாடகை, விளம்பரம், லாபம் எல்லாம் சேதாரத்துக்குள் வந்து உட்கார்கின்றன. ‘செய்கூலி இல்லை’ என்று பலகை வைத்திருந்தால் சேதாரத்தை இருமுறை பாருங்கள். இந்தத் தொகைக்கும் சேர்த்தே 3 சதவீத ஜிஎஸ்டி கட்டுகிறீர்கள். நகையை விற்கும்போது இதில் ஒரு ரூபாயும் திரும்பாது.

கூச்சப்படாமல் பேரம் பேசுங்கள். எந்திரத்தில் செய்த எளிய சங்கிலிக்கும் கல் பதித்த கைவேலைக்கும் ஒரே சதவீதம் சொன்னால், காரணம் கேளுங்கள். கைவேலைக்குக் கொடுக்கும் கூலியை மட்டும் நான் குறைக்கச் சொல்லமாட்டேன்.