நேதாஜி மார்க்கெட் மளிகைக்கடை நண்பருக்கு

ஐயா, புள்ளியியல் துறை அலுவலர் டேப்லெட்டோடு வந்து கடையின் வரவு செலவைப் பற்றி ஒன்றரை மணி நேரம் கேள்வி கேட்டார், மிச்சத்துக்குத் திங்கட்கிழமை வருகிறார், மறுக்கலாமா, விவரம் ஜி.எஸ்.டி.க்குப் போய்விடுமா என்று கேட்டிருந்தீர்கள்.

மறுக்க வேண்டாம். 2008ஆம் ஆண்டு புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டப்படி தகவல் தர மறுத்தால் 1,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. அதே சட்டம்தான் நீங்கள் சொல்வதைப் புள்ளிவிவரத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்றும் சொல்கிறது. வந்தவரிடம் அடையாள அட்டையை மட்டும் கேட்டுப் பாருங்கள்.

குடியாத்தத்தில் என் பாத்திரக் கடைக்கு இதே துறையினர் வந்தது ஆடி வெள்ளி மாலையில்! கல்லாவில் ஒரு கை, பில் கட்டில் ஒரு கை. கேள்விகள் கடினமில்லை; தேடுவதுதான் நேரத்தைத் தின்றது. அதனால் இன்றிரவே ஒரு தாளில் போன மாதத்துக் கொள்முதல் பில்களின் கூட்டுத்தொகை, மாதத் தொடக்கத்திலும் முடிவிலும் இருந்த சரக்கின் மதிப்பு, கூலி, வாடகை, மின்கட்டணம், கடன் வட்டி எழுதிவையுங்கள். வீட்டுக்கு எடுத்துச் சென்ற பருப்பையும் எண்ணெயையும் தனியாக ஒரு வரியில் எழுதுங்கள். எல்லோரும் மறப்பது அதுதான். திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு, கூட்டம் குறைந்த நேரத்தில் வரச் சொல்லுங்கள்.

இந்தக் கணக்கெடுப்பின் சுமை குறைய வேண்டும் என்ற உங்கள் கோபம் நியாயமானது. அமெரிக்காவில் சில்லறை வணிகக் கணக்கெடுப்பு உட்பட ஆண்டுதோறும் நடந்த ஏழு கணக்கெடுப்புகளை 2024இல் ஒன்றாக்கிவிட்டார்கள். நம்மிடமும் கேள்விப் பட்டியலை ஒரு வாரம் முன்பே கடையில் கொடுத்தால் பாதி வேலை முடிந்துவிடும். அந்த அலுவலரிடமே சொல்லுங்கள், நானும் சொன்னேன்.