பேக்கப் எடுத்தால் மட்டும் போதுமா?

கேள்வி: மருத்துவ மென்பொருள் நிறுவனத்தில் டேட்டாபேஸ் அட்மின் வேலை கிடைத்திருக்கிறது. முதலில் எதைக் கவனிக்கட்டும்? – வாசகி, கோவை

பதில்: வாழ்த்துகள்மா! முதலில் பேக்கப், அதாவது தரவுகளின் பாதுகாப்பு நகல். 'எடுத்தாச்சு' என்ற செய்தியை மட்டும் நம்பாதீர்கள். நான் முன்பு இருந்த இடத்தில் தினமும் இரவு அந்தச் செய்தி வந்தது. தேவைப்பட்ட நாளில் கோப்பு திறக்கவே இல்லை. விட்டுப்போன ஒவ்வாமைக் குறிப்புகளை இரண்டு நாள் உட்கார்ந்து சேர்த்தோம். ஒவ்வாமைக் கட்டம் காலியாக இருந்தால் பெனிசிலின் ஆகாதவருக்கு மருத்துவர் அதையே எழுதிவிடக்கூடும். அந்தப் பயம் எனக்கு இன்னும் போகவில்லை. அதனால் மாதம் ஒருமுறை பேக்கப்பைத் தனி சர்வரில் மீட்டுப் பார்க்கிறேன்.

அப்புறம், மென்பொருள் சோதனைக்கென்று யார் கேட்டாலும் நோயாளிகளின் உண்மையான பெயர், பிறந்த தேதியைத் தராதீர்கள், மாற்றிக் கொடுங்கள். வாடிக்கையாளர் அமெரிக்க மருத்துவமனை என்றால் நோயாளிகளின் மருத்துவத் தகவல்களைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் ஹிப்பா (HIPAA) சட்டத்தையும் படித்துவிடுங்கள்.